பள்ளத்தூர் விலக்கில் 61

கானாடுகாத்தான் தாண்டும்போது 118.
அம்பு கீழ்நோக்கி, சாய்வாக.
ஒரு பேரீச்சை. ஓடு.

பதினெட்டாவது கிலோமீட்டரில்
சாலையோரப் புளியமரங்கள்
இரண்டிரண்டாகத் தெரிந்தன.
வியர்வை சில்லிட்டது.
கோபம் வந்தது, யார் மேலென்று இல்லாமல்.
எனக்கு அதுதான் முதல் அறிகுறி.

61.
இடுப்புப் பையில் துழாவினால்
குளுக்கோஸ் பொட்டலம்:
போன ஞாயிறு கிழித்துத் தின்ற வெறும் உறை.

அடைக்கன் டீக்கடையில் அடுப்பு எரிந்தது.
"வாங்க, சீனி இல்லாம ஒண்ணு" என்றார்,
ஞாபகம் வைத்திருந்த பெருமையோடு.
"சீனி போடுங்கண்ணே. நாலு கரண்டி."
"உங்களுக்குத்தான் சுகராச்சே?"
"ஆமா. அதுக்குத்தான்."
"வேணாம் தாயி, உடம்பு என்னத்துக்காகும்?"
டப்பாவைத் தள்ளி வைத்தார், அன்பாக.

அன்பு. 57.

விளக்கிச் சொல்ல வாய் கூடவில்லை.
எட்டிக் கையை விட்டேன்.
அள்ளி அள்ளித் தின்றேன், திருடியைப்போல.
பால் வாங்க வந்தவர்கள்
தூக்குவாளியோடு நின்று பார்த்தார்கள்.

பதினைந்து நிமிடம்.
பெஞ்சில் ஒற்றை எறும்பு
என் விரலைச் சுற்றிச் சுற்றி வந்தது.
64.
79. அம்பு மேலே.

காசு வாங்க மாட்டேனென்றார் அடைக்கன்,
டப்பா மூடியை இறுக்கித் திருகியபடி.

காரைக்குடிக்கு இன்னும் எட்டு.
ஓடுகிறேன்.
பிசுபிசுக்கிறது உள்ளங்கை.