எழுபத்தாறு முதல் தொண்ணூறு வரை

ஜப்பான் ரேடியோவுக்கு எங்கள் நிலையங்கள் எட்டாது.
அதன் முள் எழுபத்தாறில் தொடங்கித்
தொண்ணூறில் நின்றுவிடும்.
கப்பலில் வந்த வேன்களுக்கு
ஏரியல் வயரின் நடுவே சின்னப் பெட்டியொன்று வைத்து
கொழும்பை இழுத்துக் கொடுப்பது என் தொழில்.
ஹட்டன், பஸ் தரிப்பிடத்துக்குப் பின்னால்,
ஆறடிக்கு எட்டடி. மழை பெய்தால் ஆறுக்கு ஐந்து.

செட்டைக் கழற்றினால் உள்ளே ஏதாவது இருக்கும்.
நடுவில் ஓட்டை போட்ட ஐந்து யென்.
யாரோ பிள்ளையின் தலைமயிர்க் கிளிப்.
சில நேரம், விற்றவர் எடுக்க மறந்த வட்டு.

மினெகிஷி எனக்கு முதலில் கிழவராகத்தான் வந்தார்.
கொட்டகலை சவரிமுத்துவின் ஸ்கூல் வேன்.
வட்டு சிக்கி மூன்று மாதமாக ஒரே பாட்டு.
பாட்டு என்றும் சொல்ல முடியாது:
வயலின்கள், பின்னால் எங்கோ ஒற்றைக் கிடார்,
ஒரு சுரத்துக்கும் அடுத்ததுக்கும் இடையில்
ரதல்ல வளைவொன்றைத் திரும்பிவிடலாம்.
"பிள்ளைகள் நித்திரையாகிப் போகுதுகள் தம்பி.
கேட்டில் வைத்து ஒவ்வொன்றாய் எழுப்ப வேண்டியிருக்கு.
கழற்று."
கழற்றினேன். நீயே வைத்துக்கொள் என்றார்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு மரக்கறி லொறியில்
இளைஞராக வந்தார். கசட்.
உறையில் நான்கு பேர், தலைமயிர் நான்கு திசைக்கு.
கொழுந்து அரைக்கும் ரோலருக்குள்
ஸ்பேனர் விழுந்த மாதிரி ஒரு கிடார்.
பாதியில் கம்பி அறுகிறது. அந்தச் சத்தமும் இருக்கிறது.
நிறுத்தவில்லை ஆள்.
மிச்சம் ஐந்தில் ஓடுகிறார்,
ஒரு நிமிஷமும் பதினொரு விநாடியும்.
எண்ணியிருக்கிறேன்.

பிறகு முன்னும் பின்னுமாக வந்துகொண்டிருந்தார்.
உறையில் மூன்று பேர். அப்புறம் அவர் மட்டும்,
கறுப்புக் கண்ணாடி, கொஞ்சம் தொப்பை.
அப்புறம் முகமே இல்லை, வெறும் தண்ணீர்.
நாவலப்பிட்டி பிரியலால்தான் எழுத்து வாசித்துக் காட்டுவான்,
நகோயாவில் ஒன்பது வருஷம் கார் உடைத்தவன்.
இது விளம்பர மெட்டுகள், இன்ஷூரன்ஸ், பிரிட்ஜ், சூப் என்றான்.
பெயரில் முதல் எழுத்து மலை உச்சி,
இரண்டாவது கரை.
அப்படி ஒரு இடம் எங்கே இருக்கும் என்று கேட்டேன்.
பெயர்தானே அண்ணே, என்றான்.

போனில் தேடித் தருகிறேன் என்றாள் மகள்.
வேண்டாம். கப்பல் கொண்டுவரட்டும்.

ஒரு இரவு கரண்ட் போனது.
பழைய பெட்டரியில் முதல் வட்டைப் போட்டேன்,
மழை தகரத்தில், அதனால் சத்தத்தைக் கூட்டி.
வயலின்கள் வாசித்தது அந்த எழுபத்தொரு விநாடியை.
நீட்டி, நீட்டி, பதினைந்து நிமிஷமாக்கி.
அறுந்த கம்பிக்கு உரிய சுரம் மட்டும் இல்லை.
நாற்பது பேராவது இருப்பார்கள்;
அந்த இடம் வரும்போது எல்லோரும் விலகிப் போகிறார்கள்
ரோட்டுக் குழியை மனப்பாடம் செய்த டிரைவர் மாதிரி.
எழும்பி நின்றுவிட்டேன். தலை தகரத்தில் இடித்தது.
யாரிடம் போய்ச் சொல்ல?
சவரிமுத்து இந்த நேரம் தூங்கியிருப்பார்.

இருபதில் வாகனம் வருவதை நிறுத்தினார்கள்.
டொலர் இல்லை.
என் கணக்கில் மினெகிஷியும்
ஐந்து வருஷம் எதையும் வெளியிடவில்லை.
நான் டோர்ச் பழுது பார்த்தேன், இன்வேர்ட்டர், மிக்சி.

பத்தனையில் ஏறும் கண்டக்டர் பையன் ஒருத்தன்,
சில்லறை எண்ணும்போது சீட்டியடிப்பான்.
ஒரு நாள் கவனித்தேன். அதே மெட்டு.
அதே இடத்தில் வாயை மூடிக்கொண்டான்,
மூச்சு வாங்கவும் இல்லை, பிறகு தொடர்ந்தான்.
சின்ன வயதில் யாருடைய வேனில் போனாய் என்று கேட்டேன்.
சவரி அங்கிள் வேன். ஏன், மிச்சம் தரலையா?
தந்துவிட்டாய் என்றேன்.

போன மாதம் வெள்ளைக் கார் ஒன்று, புதுசாக இறங்கியது.
வட்டுப் போட வாயே இல்லை, முழுக்கக் கண்ணாடி.
சாவியைத் திருப்பியதும் ஒரு பெண் பணிவாக ஏதோ சொல்கிறாள்.
அட்டை செருகப்படவில்லை என்கிறாளாம்.
சீட்டுக்குக் கீழே கைவிட்டுத் தேடினேன்,
டாஷ்போர்டுக்கு உள்ளே, கதவுப் பையில்.
ஐந்து யென்கூட இல்லை.

ரேடியோ மட்டும் கேட்டால் போதும் என்றார் சொந்தக்காரர்.
முள் தொண்ணூறில் நிற்கிறது.
பெட்டியை எடுத்தேன்.