37-பி

அன்று ராத்திரி ஆம்புலன்ஸ்
எங்கள் கேம்ப்பை மூன்று சுற்று சுற்றியது.
சைரன் எல்லோருக்கும் கேட்டது.
சஜாவில் எல்லாக் கட்டடமும் ஒரே மஞ்சள்,
எல்லாக் கதவும் ஒரே பச்சை,
கொடியில் காய்வதெல்லாம் ஒரே நீலச் சட்டை.

போன் போட்டவன் லச்சையா.
அவனுக்குத் தெலுங்கும் கொஞ்சம் இந்தியும்.
எடுத்தவருக்கு அரபியும் இங்கிலீஷும்
அதைவிடக் கொஞ்சமாய் இந்தியும்.
எங்கே என்று கேட்டார்கள்.
தண்ணி லாரிக்குப் பக்கத்தில் என்றான்.
பத்து நிமிஷத்தில் லாரி கிளம்பிவிட்டது.

கட்டிலின் கீழ்த்தட்டில் வேலாயுதராஜ்,
டைல்ஸ் வேலை.
ஏசி நின்று இரண்டு நாள்.
"லெவல் சரியில்ல, லெவல் சரியில்ல" என்று
கூரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தான்.
தொட்டால் கொதிக்கிறது,
ஒரு சொட்டு ஈரமில்லை.
வேர்வை நின்னுடுச்சு, இனி சரியாயிடும் என்றேன்.
நான்தான் சொன்னேன்.
பன்னிரண்டு வருஷம் இந்த வெயிலில்
சாரத்தில் தொங்கிப் பெயிண்ட் அடித்தவன்.

கேட் பூட்டியிருந்தது.
சாவி வாட்ச்மேனிடம்,
வாட்ச்மேன் தொழுகையில்.

நாற்பது நாள் கழித்து
சுகாதாரத் துறையிலிருந்து வந்தார்கள்.
மேனேஜர் ஜூஸ் வாங்கி வைத்தார்.
படம் போட்ட பேனர் கட்டினார்கள்,
அதில் ஒருவன் சிரித்தபடி தண்ணீர் குடிக்கிறான்.
உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டாள் நர்ஸ் ஜெஸிந்தா.
இப்படி ஒரு கேள்வியை எங்களிடம் யாரும் கேட்டதில்லை,
ஆகவே யாரும் வாய் திறக்கவில்லை.

நம்பர் வேணும் என்றேன்.
சுவரில். பெரிசா.

ஆம்புலன்ஸ் ஓட்டும் சூடான்காரரை
அவர் சீட்டிலேயே உட்காரவைத்து
ராத்திரியில் கேம்ப்பைச் சுற்றினோம்.
நான் மொட்டைமாடி விளிம்பைக் காட்டினேன்.
அவர் தலையை ஆட்டினார்:
அவ்வளவு உயரம் என் கண்ணுக்கு வராது,
விளக்கு படுகிற இடம் இது,
இங்கே எழுது.
இடுப்பளவுச் சுவர்.
நான் என் உயரத்துக்கு யோசித்திருக்கிறேன்.

ரோட்டில் கோடு போடுகிற மினுக்குப் பெயிண்ட்.
முதலில் கேட், பிறகு பிளாக், பிறகு மாடிப்படி.
தளத்துக்கு ஒருவனிடம் ஒரு சாவி.

கடைசியில் ஒரு அட்டை எழுத உட்கார்ந்தோம்,
யாரை உடனே தூக்கவேண்டும் என்று.
வேர்வைக்கு லச்சையா செமட என்றான்,
ஷொஃபிகுல் காம் என்றான்,
டேக் பகதூர் பசினா.
நாள் முழுக்க எங்கள் மேல் ஓடுகிற ஒன்றுக்கு
இத்தனை பெயர் இருப்பதை
அன்றைக்குத்தான் கேட்டோம்.
தமிழ் வரியை நான் எழுதினேன்.
மயக்கம் என்று போடச் சொன்னான் ஒருவன்.
மயங்கவில்லை, அவன் பேசினான்.
அடித்துவிட்டு எழுதினேன்:
வேர்வை நின்றால், பேச்சு குழறினால்,
காத்திருக்காதே.

செப்டம்பரில் 22-ஏவுக்கு வண்டி வந்தது.
பதினோரு நிமிஷம்.
ஸ்ட்ரெச்சரில் போனவன் கண்ணைத் திறந்து
என் செருப்பு எங்கே என்று கேட்டானாம்.
மெஸ்ஸில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.
நானும் சிரித்தேன்.
சாதம் இறங்கவில்லை.

எங்கள் அறை நம்பரைக் கடைசியாகத்தான் எழுதினேன்.
மூன்றும் ஏழும் நேராக வந்தன.
பி-யின் வயிறு கொஞ்சம் சாய்ந்துவிட்டது.
லெவல் சரியில்ல.
திருத்தவில்லை.

நேற்று ராத்திரி மறுபடி சைரன்.
எங்களுக்கு இல்லை,
சுவருக்கு அந்தப் பக்கம்.
அது வேறு கம்பெனி, வேறு மேனேஜர்,
அதே மஞ்சள்.
ஒரு சுற்று.
இரண்டாவது சுற்று.
மேல்தட்டில் லச்சையா எழுந்து உட்காரும் சத்தம் கேட்டது.

அரை டப்பா பெயிண்ட் மீதி இருக்கிறது.
மூடியை நான் இறுக்கவில்லை.