வியாழக்கிழமை, ஐந்தாவது செட்

ஒரே தரையில் நான்கு ஆட்டங்கள் வரையப்பட்டிருக்கின்றன.
கறுப்பு கூடைப்பந்து. மஞ்சள் வாலிபால்.
பச்சை பேட்மின்டன். ஃபுட்சாலுக்கு நீலம்.
ஆட வருகிறவர்களுக்கு அவரவர் நிறம் மட்டும் தெரியும்.
துடைக்கிறவனுக்கு எல்லாம் தெரியும்,
எந்தக் கோடு எங்கே உரிகிறது என்பது உட்பட.

சோஹாரில் ஜூலை மாதம்
மாணவர்கள் ஊருக்குப் போன பிறகும்
அரங்கில் ஏசி இரவெல்லாம் ஓடும்.
வெக்கை பட்டால் பலகை உப்பிவிடுமாம்.
பலகைக்கு இருபத்திரண்டு டிகிரி.
எங்கள் அறையில் ஆறு பேர்;
டிகிரி இருப்பது ஒருவனிடம் மட்டும், பி.காம்.

ஆண்கள் ஆடும் நாளில் ஸ்கோர் போர்டு என் கையில்.
கூடைப்பந்து ஹுமைத் ஃப்ரீ த்ரோவுக்கு முன்
பந்தை மூன்று முறை தட்டுவான்.
நான்காவதாகத் தட்டினால் தவறவிடுவான்;
பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிடுவேன்.
வாலிபால் கோச் லத்ஃபி, துனிசியாக்காரர்,
ஒவ்வொரு புள்ளிக்கும் திரும்பி என்னை முறைப்பார்,
நான்தான் அதை எதிரணிக்குத் தூக்கிக் கொடுத்ததுபோல.
ஜெயித்த இரவுகளில்
ஒரு லபன் பாட்டிலை என் பக்கம் உருட்டிவிடுவார்.

பெண்கள் ஆடும் வியாழன் வேறு.
நான்கு மணிக்கே
கண்ணாடிகளில் பழுப்புக் காகிதம் ஒட்டி,
வலையை இறுக்கி, உயரம் அளந்து,
(இரண்டு மீட்டர் இருபத்து நான்கு)
வெளியே வந்துவிட வேண்டும்.
கதவுக்கு வம்புய், நைரோபிக்காரி.
அவளுக்கு உள்ளே பார்க்க அனுமதி உண்டு.
ஆர்வம் இல்லை.
"எத்தனைக்கு எத்தனை?" என்று ஒருமுறை கேட்டேன்.
"காகிதம் ஒட்டியவன் நீதானே" என்றாள்.

ஆகவே காதால் பார்க்கப் பழகினேன்.
கீச்சென்று ஷூ: யாரோ குறுக்கே ஓடுகிறாள்.
தொப்: கையில் எடுத்தாள்.
பட்டென்று ஒன்று, உடனே இன்னொன்று:
தடுப்பில் பட்டு அங்கேயே விழுந்தது.
பிறகு விசில்.
பெஞ்சுகள் அதிர்ந்தால் எங்களுக்கு.
பஸ்ஸில் வந்த பன்னிரண்டு பேர் மட்டும் கைதட்டினால்
இப்ரி கல்லூரிக்கு.
டெலிவரி சீட்டின் முதுகில் கோடு கிழிப்பேன்;
நான்கு நிற்கும், ஐந்தாவது குறுக்கே படுக்கும்.

அன்றைக்கு அரையிறுதி. இரண்டுக்கு இரண்டு.
ஐந்தாவது செட், பதினைந்தில் முடியும்.
உள்ளே பெயர்கள் பறந்தன:
மைஸா! புதூர்! ஷம்ஸா, பின்னால், பின்னால்!
எல்லாம் அரபியில்தான். நான்கு வருடத்தில்
பந்துக்கு வேண்டிய அரபி எனக்கு வந்திருந்தது.

அப்போது பந்து வெகுநேரம் மேலேயே இருந்தது
(சத்தமில்லாத நேரத்தை வைத்துச் சொல்கிறேன்).
நடுவே ஒரு குரல்:
"என்னுது! என்னுது!"

அந்தக் கட்டிடத்தில் தமிழ் பேசுகிறவன் நான் ஒருவன்,
அதுவும் சிக்கிக்கொண்ட வாளிச் சக்கரத்தோடு,
வசவு மட்டும்.
நெல்லையா, நாகையா,
இங்கேயே பிறந்து வீட்டுக்குள் மட்டும் பேசுகிறவளா,
எந்த எண் பனியன்,
எங்கள் அணியா, அவர்கள் அணியா?
அவசரத்தில் வாயில் வந்திருக்கும்.
யாருக்கும் புரிந்திருக்காது.
ஆனாலும் எல்லோரும் விலகி வழிவிட்டிருப்பார்கள்.

விசில் கேட்டதா? கேட்டிருக்கும்.
பென்சில் கையில்தான் இருந்தது.

கடைசியில் பெஞ்சுகள் இடிந்துவிழுவதுபோல் சத்தம்,
அழுகையா சிரிப்பா தெரியாத கூச்சல்.
கோடு கிழித்து எண்ணினேன்:
பதினான்கு, பதின்மூன்று.
அடுத்த சர்வீஸுக்குக் காத்து நின்றேன்.
வம்புய் நாற்காலியை மடித்துக்கொண்டிருந்தாள்.
"முடிந்தது."
"இன்னும் ஒன்று இருக்கிறது."
"அப்படியா? உள்ளே போய்ச் சொல்."

ஒன்பதரைக்கு உள்ளே விட்டார்கள்.
காகிதத்தைக் கிழித்தேன். வலையைத் தளர்த்தினேன்.
தரையில் இரண்டு குண்டூசிகள், ஒரு ஹேர் பேண்ட்.
மஞ்சள் கோட்டிலிருந்து நீலம் வரை
நீளமாய் ஒரு வியர்வைத் தடம்,
யாரோ வயிற்றால் வழுக்கிப் பந்தெடுத்த இடம்.
போர்டில் இன்னும் எரிந்துகொண்டிருந்தது 15 – 13.

சீட்டைத் திருப்பி இன்னொரு தரம் எண்ணினேன்.
என் கணக்கில் ஆட்டம் முடியவில்லை.
மற்ற இடமெல்லாம் துடைத்துவிட்டு
அங்கே கடைசியாக வந்தேன்.
அதற்குள் அது தானாகவே காய்ந்திருந்தது.