முப்பத்தொரு நொடி

டிசம்பர் பிறந்ததும் வந்துவிடும்
ஏழு பதிப்பாளர்கள், ஏழு எக்செல் தாள்கள்.
ஒருவருக்குத் தேடினாலே கணக்கு,
இன்னொருவருக்குத் திறந்தால்தான் கணக்கு,
மூன்றாமவர் மார்ச் மாதத்தையே அனுப்பவில்லை.
மஞ்சக்குப்பத்துக் கல்லூரியில்
நூலகர் என்ற பலகைக்குப் பின்னால் உட்கார்ந்து
இத்தனையையும் ஒரே கூட்டலில் போட வேண்டும் நான்,
ஜனவரி கமிட்டிக்குள்.

வேதியியல் இதழ் ஒன்று: நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு.
அது யாரென்று எனக்குத் தெரியும்.
எல்லாவற்றையும் இறக்கச் சொல்லி
ஒரு புரோகிராமை ஓடவிட்டு
தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு
பஜ்ஜி தின்னப் போன விடுதிப் பையன்.
அறிக்கைப்படி
எங்கள் கல்லூரியின் மகா வாசகன் அவன்தான்.

கடலோர நிலத்தடி நீர்க் காலாண்டிதழ்: மூன்று.
அதில் ஒன்று நான்,
ஏப்ரலில் இணைப்பு வேலை செய்கிறதா என்று தட்டிப் பார்த்தது.
மற்ற இரண்டும் ஆய்வு மாணவி வேம்பரசி.
திரையில் ஒருமுறை, பி.டி.எஃப்பாக ஒருமுறை,
ஒரே கட்டுரை, ஒரே மத்தியானம்.
அந்தப் பதினாலு பக்கத்தை
கடலூர் பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடையில் பதினோரு பிரதி போட்டு
அட்டவணைக்குப் பக்கத்தில் பேனாவால் தமிழ் எழுதி
கிணறு உப்பாகிப்போன ஆட்களிடம் கொடுத்தாள்.
ஜெராக்ஸ்காரர் நோட்டில் அது இருக்கிறது,
பாக்கியோடு.

சந்தா அறுபத்தோராயிரத்து இருநூறு.
மூன்றால் வகுத்தால்
ஒரு வாசிப்புக்கு இருபதாயிரத்து நானூறு.
நிதி அலுவலர் கலியபெருமாள் சார்
இந்த வகுத்தலை மட்டும் தப்பில்லாமல் போடுவார்.

ஒரு செவ்வாய் மாலை, எல்லோரும் போனபின்
அந்த இதழைத் திறந்தேன்.
முப்பது நொடிக்குள் மறுபடி தட்டினால்
இரண்டும் ஒன்றாகிவிடும். விதி எனக்கு மனப்பாடம்.
ஆகவே முப்பத்தொன்று எண்ணித் தட்டினேன்.
மறுபடி எண்ணினேன்.
கண்ணெதிரே எழுத்து இருக்கையில்
எத்தனை நேரம் வெறுமனே எண்ணுவது?
தட்டலுக்கு ஒரு பத்தி.
கடல்நீர் ஆப்பு போல் அடியில் நுழைவது,
மேலே இறைக்க இறைக்க அது முன்னே வருவது.
இருபதாவது தட்டலில்
எங்கள் வீட்டு போர் தண்ணீரில்
பருப்பு வேகாத காரணம் கிடைத்தது.
நாற்பதாவதில் வாட்ச்மேன்
சாவிக்கொத்தோடு வந்து நின்றார்.

ஜனவரியில் நாற்பத்து மூன்று.
"யூசேஜ் கூடியிருக்கே" என்று டிக் அடித்தார் சார்.
நாற்பதும் பொய்.
படித்தது நிஜம், அதற்குக் கட்டம் இல்லை.

ஆனால் எதையாவது வெட்டியாக வேண்டும்.
பூச்சியியல் இதழுக்குப் பூச்சியம் என்று யாரோ சொல்ல
கமிட்டி சிரித்தது. நானும்.
வெட்டினோம்.

அடுத்த திங்கள், விலங்கியல் சூசைநாதன்
கவுன்டரில் தயங்கி நின்றார்.
"அந்தப் பூச்சி ஜர்னல் லிங்க் போன வருஷம் முழுக்கத்
திறக்கவே இல்லீங்க மேடம்.
கம்பெனி மாறிடுச்சுன்னு என்னமோ காட்டுது.
சரியாயிடும்னு நானும் சொல்லாம இருந்துட்டேன்.
காலேஜுக்கு வந்ததும் தினம் ஒரு தடவை
அழுத்திப் பாத்துடுவேன்."

தினம் ஒரு தடவை.
சனி ஞாயிறைக் கழித்து,
பொங்கலைக் கழித்து, மழை விடுமுறையைக் கழித்து
நான் விரல் மடக்கிக்கொண்டிருந்தேன்
அவர் இன்னும் எதிரே நிற்கையில்.