காரணம்: பறவை

தீபாவளிக்கு மூன்று நாள் முன்போ பின்போ
ஆலப்பாக்கம் லைனில் நாற்பத்தேழாம் கம்பத்துக்கு
வந்துவிடும்.
தானே புயலில் சாய்ந்து, நாங்கள் திரும்ப நட்ட கம்பம்.
கொஞ்சம் கிழக்கே சரிவு. அது குறை சொன்னதில்லை.

ஆதிமூலம் புறாந்து என்பான்.
புறாந்து இத்தனூண்டா இருக்கும், புறா அளவுக்கு?
ஆடு ஓட்டிவரும் செல்லப்பிள்ளை வைரி என்றான்.
வைரி காற்றில் நிற்காது.
இது நிற்கும்.

நிற்கும் என்றால்,
வாடைக்கு முகம் கொடுத்து
வாலை விசிறியாய் விரித்து
சிறகு படபடக்க, உடம்பு ஏறி இறங்க
தலை மட்டும்
ஆணி அடித்ததுபோல் அங்கேயே.
இருபத்தாறு வருஷ சர்வீஸ், இடுப்பில் பெல்ட்,
கையில் கம்பம்.
எனக்கு அப்படி நிற்க வராது.

கீழே அறுத்த தாளுக்குள் ஏதோ அசையும்.
கால் பங்கு இறங்கும். நிற்கும். இன்னும் கால் பங்கு.
பிறகு விழும்.
என் கைதவறிய ஸ்பேனர்கூட அத்தனை நேராக விழுந்ததில்லை.
வெட்டுக்கிளி, சுண்டெலி, ஒரு தடவை ஓணான்,
வால் இன்னும் துடித்துக்கொண்டு.

கம்பத்தடியில் அது கக்கிய உருண்டைகள்.
டெஸ்டர் நுனியால் பிரித்துப் பார்த்திருக்கிறேன்:
சாம்பல் மயிர், பூச்சிக் கால்கள்,
நொய்யரிசிபோல் ஒரு தாடை எலும்பு.
கைகழுவாமல் டிபனைத் திறந்ததற்கு
ஆதிமூலம் அன்றைக்குப் பேசவே இல்லை.

எங்கிருந்து வருகிறதென்று
நஸ்ரீன் மேடம் போனில் தேடிச் சொன்னார்:
பனிமலைக்கு அந்தப் பக்கம்.
அவ்வளவு தூரத்துக்கும்
யாரோ கம்பம் நட்டிருப்பார்கள்,
நம்ம ஆட்கள்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

மாசியில் ஒரு நாள் ஆறே காலுக்கு
ஃபீடர் ட்ரிப்.
நாற்பத்தேழு பக்கம் பொறி பறந்ததாம்.
பைக்கை எப்படி ஓட்டினேன், தெரியாது.
கம்பத்தடியில் இறகு கருகிய நாற்றம்.
டார்ச் அடித்தேன்.
காகம்.

அப்பாடா என்றேன், வாய்விட்டு.

கம்பிமேல் வரிசையாய் இருநூறு காகம்,
ஊரே காதைப் பொத்தும் கத்தல்.
நான் நிமிர்ந்ததும் நிறுத்தின.
கேட்டிருக்கும்.

சவுக்குத் தோப்போரம் குழி வெட்டிப் புதைத்தேன்.
வழக்கமாய் எட்டி எறிவதுதான்.
ஆறு ஐம்பதுக்கு சப்ளை.
ரெஜிஸ்டரில், காரணம் என்ற கட்டத்தில்
பறவை என்று எழுதினேன்.
எந்தப் பறவை என்று எழுத அதில் இடமில்லை.

மறுநாள் காலை நாற்பத்தேழில் உட்கார்ந்திருந்தது,
கண்ணுக்குக் கீழே மை வழிந்த கோட்டோடு,
ஒரு காலைத் தூக்கி வயிற்றில் சொருகிக்கொண்டு.
இரண்டு காகம் விரட்டின.
எழுந்து, கொஞ்சம் தள்ளி,
ஒன்றுமே இல்லாத இடத்தில்
போய் நின்றது.