பெயருக்கு முன்னால்

குளச்சல் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
தமிழ் டைப்பிங் பக்கத்துக்கு முப்பது,
இங்கிலீஷ் என்றால் நாற்பது.
அந்தக் கூடுதல் பத்து ரூபாய்
பெரும்பாலும் அட்ஜெக்டிவுக்குத்தான்.

படகு என்று மட்டும் எழுதினால்
இன்சூரன்ஸ்காரர் திருப்பி அனுப்புவார்:
எப்படிப்பட்ட படகு?
நீலம், ஃபைபர், பழையது, முப்பத்திரண்டு அடி.
தமிழில் எது முந்தினாலும் படகு மிதக்கும்.
இங்கிலீஷில் ரேஷன் கடை வரிசை.
அளவு முதலில், அடுத்து வயது,
பிறகு நிறம்,
செய்த பொருள் கடைசியில், பெயரை ஒட்டி.
ஒன்று இடித்துப் புகுந்தால்
வாக்கியம் முகம் சுளிக்கும்.

சாளையை உப்பில் போட்டால் கருவாடு.
வினையை ஈடியில் போட்டால் அடைமொழி.
காற்று டேமேஜ் செய்தது,
எஞ்சின் டேமேஜ்ட்.
சில வினைகள் அந்த உப்புக்கு அடங்காது.
பலகை புரோக்கன், வலை டோர்ன்.
இவற்றை மனப்பாடம்தான் செய்ய வேண்டும்,
நான் செய்யவில்லை,
கருங்கல் கல்லூரியில் இரண்டு அரியர்.
இப்போது வாரத்துக்கு ஒரு புயல் மனுவாவது வந்து
பாடம் நடத்திவிட்டுப் போகிறது.

வால் கட்டியும் செய்யலாம்.
ஹோப்புக்கு ஃபுல் கட்டினால் ஒரு முகம்,
லெஸ் கட்டினால் இன்னொன்று.
ஹோம்லெஸ் உண்டு,
ஹோம்ஃபுல் மட்டும் அகராதியில் இல்லை.
வீடு நிறைந்திருந்தவர்கள்
சொல் தேடிப் போகவில்லை போலிருக்கிறது.

எமல்டா வந்தது நாற்பத்து மூன்றாம் நாள்.
பங்குச்சாமி கடிதம், ரேஷன் கார்டு,
கிளீட்டஸ் வேறெங்கோ பார்க்கும் ஒரு போட்டோ.
பையிலிருந்து எடுத்து எடுத்து
கீபோர்டின் மேலேயே வைத்தாள்.

காணாமல் போன என் கணவர், என்றாள்.
தமிழில் அது போயேவிட்டது,
இறந்த காலத்துப் பெயரெச்சம்.
நான் மிஸ்ஸிங் என்று அடித்தேன்.
ஐஎன்ஜி, முடியாத வால்.
கர்சர் விட்டுவிட்டு மின்னும் இந்த நிமிஷத்திலும்
அந்த மனிதர்
காணாமல் போய்க்கொண்டிருக்கிறார்.

ஆபீஸ் கொடுத்த ஃபாரத்தில்
ஒரு கோடு, அதன்மேல் நிரப்ப வேண்டிய பெயர்.
கோட்டுக்கு முன்னால்
முன்கூட்டியே அச்சாகியிருந்தது: லேட்.

அவள் எழுத்துக் கூட்டி வாசித்தாள்.
"லேட்டுன்னா தாமசமாட்டு வாறது தானே அக்கா?
அவரு எப்பவும் தாமசமாட்டுதான் வருவாரு.
கல்யாணத்தன்னைக்கே
கோயில்ல அரை மணிக்கூர் நின்னேன்."

என்ன சொல்ல.
பெரும்பாலான அட்ஜெக்டிவ்கள்
முன்னால் நின்றாலும் பின்னால் நின்றாலும் அதேதான்.
நீலப் படகு, படகு நீலம்.
இது அப்படியில்லை.
பெயருக்கு முன்னால் வந்தால் ஆள் செத்துப்போனார்.
இஸ்ஸுக்குப் பின்னால் வந்தால்
இன்னும் வரவில்லை,
அவ்வளவுதான்.

சொன்னேன். இதை இப்படியே, மெதுவாக.
ஃபேன் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம்.
வெளியே நாகர்கோவில் வண்டி கிளம்பி
ஆள் ஏற்ற மறுபடியும் நின்றது.

"அப்பம் பின்னால வையிங்க."

வைத்தேன்.
அந்த முன்கூட்டிய லேட்டை வெள்ளை மையால் மூடி,
கீழே தனியாக ஒரு வரி:
கிளீட்டஸ் இஸ் லேட்.
ஆபீசில் இது செல்லாது, எனக்குத் தெரியும்.
ரிஜெக்டட் என்று சிவப்பில் திரும்பும்,
அதுவும் ஈடிதான்.

நாற்பது ரூபாயை எண்ணி வைத்தாள்.
வேண்டாம் என்றதைக் கேட்கவில்லை.
கவர் தரட்டுமா, மடித்துப் போடலாம் என்றேன்.
வேண்டாமாம்.
மடித்தால் கோடு
சரியாகப் பெயரின்மேல் விழுகிறதாம்.
இரண்டு கையிலும் தாளை
ஈரத்துணி போல அகல விரித்துப் பிடித்தபடி
ரோட்டைக் கடந்தாள்.