தன்மை ஒருமை

மொழிபெயர்ப்பாளருக்கு ஒரே விதி.
"அவர் சொல்கிறார்" என்று தொடங்கக் கூடாது.
சாட்சி "நான்" என்றால்
நானும் "நான்" என்றே சொல்ல வேண்டும்.

திருக்கோவில் பிரதேச செயலக மண்டபம்.
நாலு மின்விசிறியில் ஒன்று சுற்றவில்லை.
காலை ஒன்பதிலிருந்து
நான் மூன்று தடவை விதவையானேன்.
ஒரு மகனை டியூசனுக்கு அனுப்பிவிட்டு
இன்னும் படலையைச் சாத்தாமல் இருக்கிறேன்.
தேநீர் இடைவேளைக்கு முன்பு
என் மாடுகள் நாற்பத்தேழையும் சுட்டார்கள்.
தலைவர் தண்ணீர்க் கிளாசை நீட்டினார்,
எனக்கு.

பதினோராம் இலக்கம், யோகரெத்தினம், தம்பிலுவில்.
மடியில் சொப்பிங் பை.
அதற்குள் ஐந்து ஆணைக்குழுக்கள் தந்த ஐந்து துண்டுகள்,
மூன்று லெமினேட் செய்தது.
பேசினார், நிறையப் பேசினார்.
கிணற்றடி வந்ததும் நின்றார்.
முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு
என்னைப் பார்த்தார்:
"உங்களுக்கு விளங்குந்தானே, மகள்?"

விளங்கியது.
சிங்களத்தில் அதற்கு ஒரு சட்டச் சொல் உண்டு.
அதை "நான்" என்பதோடு சேர்த்து
மைக்கில் சொன்னேன்.
அந்த மண்டபத்தில் அதைச் சொன்னது நான்தான்,
அவர் அல்ல.

அவர் காதில் அது
"தூஷண" என்று விழுந்திருக்கிறது.
தம்பிலுவிலில் தூசணம் என்றால்
வாயால் பேசுகிற ஊத்தை.
என் கையைப் பிடித்தார்.
"தூசணம் பேசினவன் எண்டா சொன்னீங்க?
இல்ல மகள்.
அவன் ஒண்டுமே பேசல்ல.
முடியுமட்டும் ஒண்டுமே பேசல்ல."

இதையும் பெயர்க்க வேண்டுமா
என்று யாரும் சொல்லவில்லை.
பெயர்த்தேன்.
"அவன் ஒன்றும் பேசவில்லை" என்று
சிங்களத்தில் சொல்லும்போது
எனக்கு வினைமுற்று வரவில்லை.
இரண்டாம் தரம் சொன்னேன்.

நிவாரணமாக என்ன எதிர்பார்க்கிறீர்கள்?
படிவத்தில் கோழி இருந்தது, தையல் மெசின் இருந்தது,
சுழற்சிக் கடன் இருந்தது.
"கிணறு" என்றார்.
"முகாம் எடுத்தாச்சு. முள்ளுக்கம்பி மட்டும் நிக்குது.
என்ட வளவுக் கிணறு அது.
அத இறைச்சித் தாங்க.
ஆறு தரம் இறைக்கோணும், அடிச்சேறு தெரிய.
நான் கிட்ட நிண்டு பாப்பன்.
அவங்கட ஆக்கள்தான் இறைக்கோணும்.
கூலிக்குப் பிடிக்கப்படாது."

ஒரு சொல் குறையாமல் கொடுத்தேன்.
எழுதுவினைஞர் எழுதியது:
குடிநீர் வசதி.

ஐந்தரை பஸ்ஸில் அக்கரைப்பற்று.
உம்மா சோறு போட்டுக்கொண்டே கேட்டா,
"இண்டைக்கு எத்தின பேர்?"
வட்டைக்குப் போன வாப்பாவை
நாங்கள் எந்தப் படிவத்திலும் எழுதவில்லை.
யாரிடம் கேட்பது என்பதிலேயே
உம்மாவின் தலை நரைத்துவிட்டது.

"பதினாலு" என்றேன்.
பிறகு "நான்" என்று தொடங்கினேன்.
அகப்பையைச் சட்டிக்குள் விட்டுவிட்டு
உம்மா எனக்கு எதிரே உட்கார்ந்தா.